கட்டுமரமேனும் போதும்

மெரினாக் கடற்கரையின் தென்கோடியில், சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்திருப்பது நொச்சிக்குப்பம். மீன்பிடித்தலையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட மக்கள் வாழும் ஊர். அவர்களுள் பெரும்பாலோர் இந்து சமயத்தவர். அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவு நடந்தால், திருத்தூதர் தோமையாரின் கல்லறையைத் தன்னகத்தே கொண்ட சாந்தோம் பேராலயத்தை அடைந்துவிடலாம். இன்று நொச்சிக்குப்பத்துக் கரையில் நிற்பவை பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகளே. கட்டுமரங்கள் அருகிவிட்டன. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளி, திரும்பியதும் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்தும் அந்தப் பழைய வழக்கம் முதியவர்களின் நினைவில்தான் மிகுதியாக வாழ்கிறது.

ஒரு மாலைப்பொழுதில் அவ்வழியே நடந்தபோது, வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "காற்று எதிராக இருக்கும் நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம். கையிலிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "காத்து நாம சொல்றதக் கேக்காது பாதர். நாமதான் அது சொல்றதக் கேக்கணும். அதுக்காகச் சும்மா குந்திக்கினு இருந்தா ஆவுமா? வலையக் கட்டணும், மரத்தக் காய வைக்கணும். காத்து திரும்பின நாழி நாம தயாரா இருக்கணுமில்ல."

குருமடத்தில் கீழ்ப்படிதல் என்னும் நற்பண்பைப் பற்றி நாம் ஆண்டுக்கணக்கில் பயின்றதுண்டு. அப்பாடம் முழுவதையும் அந்தப் பெரியவர் நான்கு வரிகளில் சொல்லி முடித்துவிட்டதாக அன்று நமக்குத் தோன்றியது. அதே வேளையில், இதே கரையிலிருந்து 1545ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கடிதமும் நம் நினைவிற்கு வந்தது. அதை எழுதியவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அக்கடிதத்தில் கட்டுமரத்தைப் பற்றிய பேச்சும் உண்டு. அந்தக் கடிதத்தின் வரலாற்றை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றாளாய் வந்தவர்

சவேரியார் இந்தியாவிற்கு வந்தது முன்னரே தீட்டிய திட்டப்படி அன்று. போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் யோவான், கீழை நாடுகளுக்கு மறைப்பணியாளர்கள் வேண்டுமென்று கேட்டபோது, புனித இஞ்ஞாசியார் தம் தோழர்களுள் சிமோன் ரொட்ரிகஸ், பொபடில்லா ஆகிய இருவரையே தேர்ந்தார். ஆனால் பொபடில்லா நோயுற்ற நிலையில் உரோமைக்கு வந்து சேர்ந்தார். போர்த்துக்கல் தூதரோ உடனே புறப்பட வேண்டியவராய் இருந்தார். தாமும் நோய்ப்படுக்கையில் இருந்த இஞ்ஞாசியார், தமக்குச் செயலராய்ப் பணியாற்றிக்கொண்டிருந்த சவேரியாரை அழைத்து நிலைமையைக் கூறினார். சவேரியார் காலம் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. இதோ, நான் ஆயத்தம் என்னும் பொருள்பட ஒரு சொல் சொன்னார். தம் பழைய உடைகளைத் தைத்துச் சீர்செய்துகொண்டு, 1540 மார்ச் நடுவில் உரோமையை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் இஞ்ஞாசியாரை அவர் இவ்வுலகில் காணவேயில்லை. உடன் வரவேண்டிய ரொட்ரிகசோ போர்த்துக்கல்லிலேயே தங்கும்படி ஆயிற்று. முதல் பட்டியலில் இருந்த இருவரும் வரவில்லை. பட்டியலில் இல்லாதவர் வந்தார்.

1541 ஏப்ரல் 7, தம் முப்பத்தைந்தாம் பிறந்தநாளன்று, லிஸ்பனில் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கினார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ மக்களிடையே பணி தொடங்கினார். செபங்களைத் தமிழில் எழுதுவித்து மனப்பாடம் செய்து, மணியொலித்துச் சிறுவரைக் கூட்டி, ஊர் ஊராய்க் கற்பித்த அந்த வரலாறு நம் மக்கள் நன்கறிந்தது. 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவரே எழுதியுள்ளார்.

இதுவரை கேட்டால், கீழ்ப்படிந்தவருக்கு எல்லாம் கைகூடும் என்னும் எளிய நீதிக்கதை போலத் தோன்றும். ஆனால் சாந்தோமுக்கு அவரைக் கொண்டுவந்தது வெற்றியன்று, தோல்வி.

வழி அடைபட்ட வேளை

1544இன் இறுதியில் மன்னாரில், புதிதாய்த் திருமறை தழுவிய மக்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் என மரபு கூறும். செய்தி கேட்ட சவேரியார் மனம் உடைந்தார். போர்த்துக்கீசிய ஆளுநரை நேரில் கண்டு, அம்மன்னன்மீது படையெடுக்க வேண்டுமென்று வேண்டினார். படை நாகப்பட்டினத்தில் கூடுவதாய் இருந்தது. வாளின் துணையை நாடிய அந்த முயற்சியை இன்றைய திருச்சபையின் மனச்சான்று எளிதில் ஏற்காது. புனிதர்களும் தம் காலத்தின் பிள்ளைகளே. அதை மறைப்பது வரலாற்றுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

1545 வசந்த காலத்தில் சவேரியார் நாகப்பட்டினம் வந்தார். படையெடுப்பு நடைபெறவில்லை. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியது, அதன் சரக்கு மன்னன் கையில் அகப்பட்டது. சரக்கை மீட்கும்வரை போர் வேண்டாம் என்று முடிவாயிற்று. மறைக்காக உயிர்நீத்தவர்களின் இரத்தத்தைவிட வணிகரின் சரக்கு கனமாய் நின்றது. சரி, குமரிமுனைக்குத் திரும்பித் தம் மக்களிடமே செல்வோம் என்றால், தென்புறம் செல்லக் காற்று இடங்கொடுக்கவில்லை. முன்னும் போகமுடியாது, பின்னும் போகமுடியாது. இந்நிலையில்தான் அவர் வடக்கு நோக்கித் திரும்பிச் சாந்தோமுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

இதற்கிடையே மற்றொரு செய்தியும் அவர் உள்ளத்தை அலைக்கழித்தது. தொலைவிலுள்ள மக்காசார்த் தீவில் சில அரசர்கள் திருமுழுக்குப் பெற்றுள்ளனர் என்றும், அவர்களுக்குக் கற்பிக்கக் குருக்கள் இல்லை என்றும் அறிந்திருந்தார். தாம் நட்ட பயிரைக் காப்பதா, அறியாத நிலத்தை நோக்கிச் செல்வதா? ஆணையிட வேண்டிய தலைவரோ உரோமையில். கடிதம் எழுதி மறுமொழி பெற ஆண்டுக்கணக்காகும். மேலாளர் சொல்லைக் கேட்டு நடப்பது கடினந்தான். ஆனால் சொல்ல மேலாளர் அருகில் இல்லாதபோது கீழ்ப்படிவது அதனினும் கடினம் அன்றோ?

மறுத்தவரின் கல்லறையில்

சாந்தோமில் அவர் பங்குக் குரு கஸ்பார் கொயெல்யோவின் இல்லத்தில் தங்கினார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் அங்கிருந்தார். நாம் இன்று காணும் பேராலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. சவேரியார் கண்டதோ, போர்த்துக்கீசியர் கல்லறையின்மேல் அமைத்திருந்த எளிய கோயில்.

தோமையாரின் கல்லறையில் இறைத்திட்டத்தைத் தேடியதில் ஆழ்ந்த பொருத்தம் ஒன்று உண்டு. 'தோமையார் பணிகள்' என்னும் பழைய சிரிய நூலில் ஒரு மரபுக் கதை சொல்லப்படுகிறது. திருத்தூதர்கள் உலகைத் தமக்குள் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொண்டபோது, தோமையாருக்கு இந்தியா விழுந்தது. அவரோ போக மறுத்தார். ஆண்டவர் அவருக்குக் காட்சி தந்தும் இணங்கவில்லை. இறுதியில் ஆண்டவரே அவரை இந்திய வணிகர் ஒருவருக்கு அடிமைத் தச்சராய் விற்றுவிட்டார் என்கிறது அக்கதை. அது விவிலியத் திருமுறையில் சேர்ந்த நூலன்று. அதை வரலாறாகக் கொள்ளவும் வேண்டுவதில்லை. ஆயினும், முதலில் மறுத்துப் பின்னர் உயிரையே கொடுத்த ஒருவரைத் தொடக்கத் திருச்சபை தன் நினைவில் போற்றி வைத்தது என்பது எண்ணத்தக்கது. ஆண்டவர் கூறிய இரு புதல்வர் உவமையும் இதையே உணர்த்தும். போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனைவிட, மாட்டேன் என்று சொல்லிப் பின் மனம் வருந்திப் போன மகனே தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றினான்.

கேட்டல் என்னும் மூன்று செயல்கள்

கீழ்ப்படிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல், செவிமடுத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது என்று குருமடத்தில் கற்பித்தார்கள். நம் தமிழோ அதனினும் ஒரு படி மேலே செல்கிறது. 'கேள்' என்னும் ஒரே சொல் நமக்கு மூன்று பொருள் தருகிறது. கேள்வி கேட்கிறோம், அது வினவுதல். ஒலியைக் கேட்கிறோம், அது செவிமடுத்தல். பெற்றோர் சொல் கேட்கிறோம், அது பணிதல். இம்மூன்றும் ஒன்றுகூடும்போதே உண்மையான கீழ்ப்படிதல் பிறக்கிறது. வினவாமல் பணிவது அடிமைத்தனம். பணியாமல் வினவிக்கொண்டே இருப்பது சாக்குப்போக்கு. செவிமடுக்காமல் செய்யும் இரண்டுமே வீண்.

சாந்தோமில் சவேரியார் இம்மூன்றையும் செய்தார். பகலில் திருப்பலி, மறையுரை, ஒப்புரவு அருட்சாதனம் என மக்களுக்குப் பணியாற்றினார். வழி தெரியவில்லை என்பதற்காக அன்றாடக் கடமையை அவர் நிறுத்தி வைக்கவில்லை. இரவிலோ, குரு இல்லத்தின் தோட்டத்தைக் கடந்து, கோயிலை ஒட்டி மெழுகு வைக்கப்படும் சிறு கொட்டிலுக்குச் சென்று தனித்துச் செபித்தார். அங்கு ஓர் இரவு அவர் கடுமையாகத் தாக்கப்பட்டதாகவும், இறையன்னையின் உதவியை வேண்டிக் கதறியதாகவும், அதன்பின் இரண்டு நாள் நோயுற்றுக் கிடந்ததாகவும் கொயெல்யோவின் சாட்சியத்திலிருந்து அறிகிறோம். அதைத் தீய ஆவியின் தாக்குதல் என்று அக்காலத்தவர் கொண்டனர். எவ்வாறாயினும், இறைத்திட்டத்தைத் தேடுவது அமைதியான பூந்தோட்ட உலா அன்று, கெத்சமனிப் போராட்டம் என்பதற்கு அந்த இரவு சான்று.

அந்நாள்களில் அவரிடம் வந்தவர் ஜான் தே ஐரோ என்னும் வணிகர். பாவ அறிக்கை செய்து, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு உடன் வருவதாக வாக்களித்தார். பிறகு மனம் மாறி, மறைவாய்க் கப்பலொன்றை வாங்கிப் புறப்பட ஆயத்தமானார். சவேரியார் ஆளனுப்பி அவரை அழைத்து அவர் செய்த தவற்றை உணர்த்தவே, கலங்கிப்போய்க் கப்பலை விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய தடுமாற்றம் அத்துடனும் முடியவில்லை. பின்னாளில் பிரான்சிஸ்கன் துறவியாகித் தம் குறைகளைத் தாமே சாட்சியமாய் உரைத்தார். ஒரே நாளில் உறுதிபெறும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மே 8ஆம் நாள் கடிதம்

1545 மே 8ஆம் நாள், சாந்தோமிலிருந்து கோவாவிலுள்ள தம் உடன்பணியாளர்களுக்குச் சவேரியார் எழுதினார். கடவுள் தம் விருப்பத்தை உள்ளத்தில் உணர்த்தியருள வேண்டும், உணர்ந்ததை நிறைவேற்றத் தாம் உறுதிகொண்டுள்ளதாகச் சொல்லி மன்றாடியதை அதில் குறிப்பிடுகிறார். உள்ளத்தில் ஆறுதல் பெருகியதாகவும், மலாக்கா வழியாக மக்காசாருக்குச் செல்வதே இறைவிருப்பம் என்று தெளிந்ததாகவும் தெரிவிக்கிறார். அவர் முதலில் பணியத் துணிந்தார், பிறகே வினவினார் என்பதை இங்குக் காணவேண்டும். நாமோ முதலில் வினவுகிறோம். விடை நமக்குப் பிடித்திருந்தால் பணிகிறோம்.

தொடர்ந்து அவர் எழுதியதுதான் நம்மை நொச்சிக்குப்பத்து மணலுக்குத் திருப்பி அழைத்துவருகிறது. இவ்வாண்டு இக்கரையிலிருந்து கப்பல் எதுவுமே புறப்படாமல், ஒரு கட்டுமரம் மட்டுமே புறப்படுமாயின், இறைவன்மேல் நம்பிக்கை வைத்து அதிலேயே ஏறிச் செல்வேன் என்னும் கருத்தை அவர் அங்கே பதிந்துள்ளார். வெளிநாட்டார் ஒருவர் தம் உள்ளத்தின் முழு ஒப்படைப்பையும் சொல்ல உவமை தேடியபோது, அவர் கண்ணில் பட்டது நம் மீனவரின் கட்டுமரம்! மணலில் கிடந்த அந்த நான்கு மரத்துண்டுகளும் கயிறும் இறைநம்பிக்கையின் அடையாளமாய் உயர்ந்தன.

எனினும் அவர் அவசரப்பட்டு அலையில் குதிக்கவில்லை. ஆகஸ்டு இறுதிவரை காத்திருந்தார். கட்டுமரத்தில் செல்லவும் ஆயத்தம், காற்றுக்காகக் காத்திருக்கவும் ஆயத்தம். வலை பழுதுபார்த்த அந்தப் பெரியவர் சொன்னதும் இதுவே அன்றோ?

சென்றடையாத ஊர்

இனி வரும் பகுதியே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. சவேரியார் செப்டம்பர் இறுதியில் மலாக்கா சேர்ந்தார். மக்காசார் பற்றிய செய்திக்காக அங்கே காத்திருந்தார். எதிர்பார்த்த செய்தி வரவில்லை. 1546 சனவரியில் அம்போய்னாத் தீவுக்குக் கப்பலேறினார். மக்காசாரை அவர் தம் வாழ்நாளில் மிதிக்கவேயில்லை.

அப்படியானால் சாந்தோம் கல்லறையில் அவர் கேட்டது தவறா? நான்கு மாதச் செபம் வீணா? அவ்வாறு நாம் எண்ணவில்லை. இறைவன் அவருக்குத் தந்தது வரைபடம் அன்று, புறப்படும் மனம். மக்காசார் என்னும் பெயர் அவரைக் கரையிலிருந்து எழுப்பியது. எழுந்தவரை இறைவன் அம்போய்னாவிற்கும், மலுக்குத் தீவுகளுக்கும், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானுக்கும் நடத்திச் சென்றார். ஆபிரகாமும் எங்கே போகிறோம் என்று அறியாமல்தான் புறப்பட்டார். சென்றடையும் ஊரைக் கொண்டு கீழ்ப்படிதலை அளப்பது தவறு.

மன்சிலாஸ் என்னும் நம் உடன்பிறப்பு

சவேரியாருடன் ஐரோப்பாவிலிருந்து வந்தவர் பிரான்சிஸ்கோ மன்சிலாஸ். முத்துக்குளித்துறையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர். 1544இல் சவேரியார் அவருக்கு எழுதிய இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. மக்களிடம் அன்பாயிருங்கள், பொறுமையாயிருங்கள் என்று தாய் போல் அறிவுரை கூறும் கடிதங்கள் அவை. 1546இல் அம்போய்னாவிலிருந்து சவேரியார் அவரை மலுக்குத் தீவுகளுக்கு வருமாறு பணித்தார். மன்சிலாஸ் போகவில்லை. தம் கரையிலேயே தங்கிவிட்டார். 1548இல் சவேரியார் அவரைச் சேசு சபையிலிருந்து விலக்கினார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் கனக்கிறது. மன்சிலாஸ் சோம்பேறி அல்லர். தீயவரும் அல்லர். தாம் நேசித்த மக்களை விட்டுப் பிரிய மனமில்லாதவர் என்றே நாம் எண்ண விரும்புகிறோம். பணியை நேசித்தார். ஆனால் பணியைத் தந்தவர் வேறோரிடம் அழைத்தபோது, பணியே அவருக்குத் தடையாயிற்று. நாமும் அவ்வாறு நின்றதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மாற்றல் ஆணை கையில் வந்த நாளில், ஆகட்டும் என்று மறுமொழி எழுதி அனுப்பிவிட்டு மூன்று இரவுகள் உறங்காதிருந்தோம். கட்டி முடியாத கோயில் சுவரும், உறுதிபூசுதலுக்கு நாம் ஆயத்தம் செய்துகொண்டிருந்த சிறுவரின் முகங்களும் கண்முன் நின்றன. கால்கள் புதிய பங்குக்குச் சென்றன. மனம் போய்ச் சேர ஓராண்டு ஆயிற்று. கையெழுத்தில் கீழ்ப்படிவது எளிது, விருப்பத்தில் கீழ்ப்படிவதே அரிது.

மன்சிலாசின் கதை கசப்பில் முடியவில்லை. சவேரியார் இறந்தபின், 1557இல் கொச்சியில் அவருடைய புனித வாழ்வைப் பற்றி விசாரணை நடந்தபோது, தம்மை விலக்கியவரின் புனிதத்துக்கு மன்சிலாஸ் சாட்சியம் அளித்தார். அது காலந்தாழ்ந்து வந்த ஆகட்டும் என்றே நமக்குப் படுகிறது.

அதிகாரத்தின்முன் ஒரு சொல்

கீழ்ப்படிதல் என்றால் வாய்மூடி இருத்தல் என்று பொருள் கொள்வோர் உண்டு. பெண்களை, ஏழைகளை, வேலையாள்களை அடக்கி வைக்க இச்சொல்லைப் பயன்படுத்தியோரும் உண்டு. சாந்தோமுக்கு வருமுன், 1545 சனவரியில் கொச்சியிலிருந்து சவேரியார் போர்த்துக்கல் மன்னருக்கே கடிதம் எழுதினார். கீழை நாட்டில் அவருடைய அலுவலர் செய்யும் அநீதிகளுக்கு இறைவன்முன் கணக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று எச்சரித்தார். இறைவனுக்கு முழுமையாகப் பணிந்த நாவே மன்னனுக்கு அஞ்சாமல் பேசியது.

திறக்கப்படாத மடல்

1552இல் சவேரியார் சீனாவின் வாசலிலுள்ள சான்சியன் தீவில் காத்திருந்தார். தம்மை மறைவாய் அக்கரை சேர்ப்பதாக வாக்களித்த சீன வணிகரின் படகு வரவில்லை. கட்டுமரமேனும் போதும் என்றவருக்கு இறுதியில் ஒரு படகும் வாய்க்கவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். அவர் இறந்ததை அறியாத இஞ்ஞாசியார், 1553 சூன் 28ஆம் நாள், ஐரோப்பாவிற்குத் திரும்பி வருமாறு அவருக்கு எழுதினார். அம்மடலை வாசிக்க அவர் இல்லை. வாசித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர் கழுத்தில் அணிந்திருந்த சிறு பேழையில் மூன்று பொருள்கள் இருந்தன. தோமையாரின் திருப்பண்டம் ஒன்று, இஞ்ஞாசியாரின் கையொப்பம் ஒன்று, தம் துறவற வார்த்தைப்பாட்டின் வாசகம் ஒன்று. மறுமொழி ஏற்கெனவே அவர் நெஞ்சின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்பார்ந்த வாசகரே, உமக்கும் நமக்கும் சீனாவும் ஜப்பானும் வாய்க்கப்போவதில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கழுவித் துடைப்பதும், எதிர்பாராத ஊருக்கு வேலை மாற்றம் பெறுவதும், மறைக்கல்வி கற்பிக்க ஆளில்லை என்னும் அழைப்புக்குக் கை உயர்த்துவதும்தான் நம் மக்காசார்கள். பொபடில்லாவுக்குப் பதிலாய் அழைக்கப்பட்ட சவேரியாரைப் போல, நாமும் பலமுறை இரண்டாம் ஆளாகவே அழைக்கப்படுகிறோம். அதை இழிவென்று எண்ணாதிருப்போம். வினவுவோம், செவிமடுப்போம், பணிவோம்.

நொச்சிக்குப்பத்துக் கரையில் அன்று இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியவர் கடைசி முடிச்சைப் போட்டு வலையை மடித்து வைத்தார். 2004 டிசம்பர் 26இல் இக்கரையைக் கடல் சூறையாடியது. அதே கடலுக்கு இம்மக்கள் மீண்டும் சென்றார்கள். "நாளைக்குப் போவீங்களா?" என்று கேட்டோம். "காத்து விட்டா போவேன்" என்றார். வலை ஆயத்தமாய் இருந்தது.